தோட்டக்காரனின் இரு நாட்காட்டிகள்

போடிநாயக்கனூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் முஸ்லிம் வீடுகளின் சுவரில் பெரும்பாலும் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று, தொழுகை நேரங்களும் ஹிஜ்ரி தேதியும் அச்சிட்ட பள்ளிவாசல் நாட்காட்டி. மற்றொன்று, தமிழ் மாதமும் நட்சத்திரமும் போட்ட தினசரித் தாள் நாட்காட்டி. நோன்பும் பெருநாளும் முன்னதைப் பார்த்து நடக்கும். மல்லிகைக்குக் கவாத்து வெட்டுவதும் முருங்கைப் போத்து ஊன்றுவதும் ஏலத்தட்டை பிரித்து நடுவதும் பின்னதைப் பார்த்து நடக்கும். ராவுத்தர் குடும்பங்களின் நன்னிமாருக்கு இதில் ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை.

இப்போது குழப்பம் புகுத்தப்படுகிறது. செடி நடுவதற்கு ஆடி, கார்த்திகை என்று பார்ப்பதும், திருவாதிரை, கத்திரி என்று நட்சத்திரக் கணக்குச் சொல்வதும் அறியாமைக் காலத்து வழக்கம் என்றும், ஹிஜ்ரி மாதங்களே நமக்குப் போதும் என்றும் சிலர் சொல்லி வருகின்றனர். அரபுக் கல்லூரி மாணவர்கள் சிலரும் இதை ஐயமாக எழுப்புகின்றனர். இவ்வினா புதியதன்று. ஹிஜ்ரி முதல் இரு நூற்றாண்டுகளிலேயே எழுந்து, தெளிவான விடையும் பெற்றுவிட்டது. அவ்விடையை நாம் மறந்துபோனோம். தோட்டத்தோடு நமக்கிருந்த உறவு தளர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

முதலில் இந்த மலைச்சரிவைப் பார்ப்போம். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் கிடக்கிறது. மலையேறிப் போடிமெட்டை அடைந்தால் உயரம் 1,300 மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கப்பால் கேரளத்தின் ஏலமலைகள். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கு முகத்திலும் உச்சியிலும் கொட்டித் தீர்த்துவிடும். மழை மறைவில் இருக்கும் போடிக்கு ஆடி மாதத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. நகரத்துக்கு உரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வருவது. ஆகவே ஆனி மாதத்தின் ஒரே வாரத்தில், மேலே ஏலம் நடுவதற்கு ஏற்ற ஈரம் மண்ணில் இருக்கும். கீழே கொல்லையில் மருதாணிப் போத்தை ஊன்றினால் காற்றில் காய்ந்துபோகும். சில மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு பருவங்கள். இங்கு தோட்டம் வைத்தவர் எவரும், எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே நடவுத் தேதி உண்டு என்று நம்பமாட்டார்.

வேலைகளின் ஒழுங்கும் அவ்வாறே. கீழே வீட்டுக் கொல்லையில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையின் இரண்டாம் வாரத்தில், கவாத்து. தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவர். முல்லைக்கு ஜனவரி கடைசி வரை பொறுக்க வேண்டும். மல்லிகை புதுத்தளிரின் நுனியில் பூப்பது. மழை ஓய்ந்து ஈரம் நிற்கும் வேளையில் வெட்டினால் பனிக்காலம் முழுதும் தளிர் ஓடி, மாசி பங்குனியில் மொட்டு பிடிக்கும். சித்திரை வெயிலில் வெட்டினால் தளிர் கருகும். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். நீண்ட கொடியொன்றை வளைத்து, கணுவின் அடியில் சிறிது கீறி, மண்ணில் பதித்துவைத்தால் மூன்று நான்கு மாதங்களில் வேர் விடும். பிறகு தாய்ச்செடியிலிருந்து அறுத்துத் தனியே நடலாம். இதைப் பதியம் என்கிறோம்.

மலைமேல் காப்பிக்குக் கவாத்து, பழம் பறித்து முடிந்த மாசி பங்குனியில். பூமழை பெய்யுமுன் சிம்புகளைக் களைந்து, காய்த்து ஓய்ந்த கிளைகளை நீக்கிவிட வேண்டும். ஏலத்துக்கு முதலில் கத்தி படுவது நிழல் மரத்தின் மீது. தென்மேற்கு மழை தொடங்குமுன் வைகாசியில் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவர். அதன்பின் தூரில் காய்ந்துபோன பழைய தட்டைகளையும் சருகையும் அகற்றித் துப்புரவு செய்வர். சரங்கள் தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையையொட்டிப் படர்வதால் அங்கே காற்றும் தேனீயும் புகுந்து வர இடம் வேண்டும். தோட்டங்களில் இவற்றுக்கெல்லாம் பொதுவாக வழங்கும் கவாத்து என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. படை அணிவகுப்பைக் குறிக்கும் கவாத்து, விதிகள் எனப் பொருள்படும் கவாயித் என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகத் தோட்டக் கவாத்தையும் அதே வேரில் முடிச்சுப் போட்டு நாம் பெருமை தேடிக்கொள்ள வேண்டியதில்லை. பெருமைக்குரியவை வேறு உள்ளன.

இனி ஹிஜ்ரிக் கணக்குக்கு வருவோம். சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். கதிரவ ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். 2000ஆம் ஆண்டில் ரமளான் நவம்பர் இறுதியில் தொடங்கியது. அவ்வாண்டில் ஒருவர் ரமளான் முதல் பிறை கண்டதும் மல்லிகைக்குக் கவாத்து என்று குறித்துவைத்திருந்தால் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும். அதே குறிப்பைக் கொண்டு 2017இல் வெட்டியிருந்தால் மே மாத இறுதியில், பூத்துக் குலுங்கும் செடியை மொட்டையடித்திருப்பார்.

இது ஹிஜ்ரி நாட்காட்டியின் குறையன்று. அதன் நோக்கமே அது. இஸ்லாத்துக்கு முந்திய அரபுகள் சந்திர மாதங்களோடு அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டியும், புனித மாதங்களைத் தள்ளிவைத்தும் வந்தனர். நஸீ எனப்பட்ட அவ்வழக்கத்தைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் கண்டித்தது. ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின் பேருரையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்பதை உறுதிப்படுத்தினார்கள். அதனால் வணக்கம் பருவத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. ஒரு நாட்டாருக்கு எப்போதும் குளிர்கால நோன்பும், மற்றொரு நாட்டாருக்கு எப்போதும் கோடை நோன்பும் வாய்க்கும் நிலை இல்லாமலாயிற்று. வணக்கத்தைப் பருவத்திலிருந்து பிரித்த அதே செயல், பயிர்த்தொழிலுக்கு வேறொரு கணக்கு வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டது. சூரியனும் சந்திரனும் இரண்டுமே கணக்குக்காக அமைந்தவை என்று திருக்குர்ஆன் பலவிடங்களில் சேர்த்தே பேசுவது கவனிக்கத்தக்கது.

அந்த வேறு கணக்கு அரபுகளிடம் முன்பே இருந்தது. அதன் பெயர் அன்வாஃ. வானில் சந்திரன் தங்கும் 28 மனைகளை அவர்கள் கண்டறிந்திருந்தனர். விடியற்காலையில் ஒரு மனை மேற்கில் அடைய, அதற்கெதிரானது கிழக்கில் உதிக்கும். ஒவ்வொன்றுக்கும் 13 நாட்கள், ஒன்றுக்கு மட்டும் 14. மொத்தம் 365. மழை, காற்று, பேரீச்சை பழுப்பது, ஒட்டகம் ஈனுவது ஆகிய யாவற்றையும் இந்தப் பதின்மூன்று நாள் பகுதிகளைக் கொண்டே அவர்கள் சுட்டினர். ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா இவற்றைத் திரட்டி கிதாபுல் அன்வாஃ என்றே ஒரு நூல் எழுதினார்.

இங்கேதான் நம் காலத்து ஐயம் முதன்முதலில் எழுந்தது. ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள், இன்ன நட்சத்திரத்தால் மழை பொழிந்தது என்று சொல்பவன் இறைவனை மறுத்து நட்சத்திரத்தை நம்பியவன் என்றும், இறையருளால் பொழிந்தது என்பவன் இறைவனை நம்பியவன் என்றும் இறைவன் கூறுவதாக அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நபிமொழி இது. இதை மேலோட்டமாகப் படிப்பவர் நட்சத்திரக் கணக்கையே தள்ளிவிட வேண்டும் என்று கருதக்கூடும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவ்வாறு கருதவில்லை. தமது அல்உம்மு நூலில் அவர் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். நட்சத்திரம் மழையைத் தந்தது என்ற பொருளில் சொன்னால் அது இறைமறுப்பு. இன்ன நட்சத்திரத்தின் வேளையில் மழை பெய்தது என்ற பொருளில் சொன்னால், இன்ன மாதத்தில் மழை பெய்தது என்பது போன்றதே அது. சொல் மாற்றிச் சொல்வதே தமக்கு உவப்பானது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். அடிப்படைப் பாகுபாடு இதுவே: காரணம் வேறு, காலக்குறி வேறு.

அன்வாஃ கணக்கைப் படிக்கும் ஏலமலைக்காரர் எவருக்கும் உடனே நினைவுக்கு வருவது மலையாளத்தாரின் ஞாற்றுவேல. ஞாயிற்றின் வேளை என்பது அதன் பொருள். கதிரவன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் தங்கும் காலம் ஒரு ஞாற்றுவேல. 27 நட்சத்திரங்களுக்கு ஆண்டைப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் பதின்மூன்றரை நாள். அங்கே 28 மனைகள், இங்கே 27. பகுதியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. இவற்றுள் புகழ்பெற்றது ஜூன் 22 வாக்கில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேல. அந்த இரு வாரங்களில் மழையும் இடையிடையே வெயிலும் மாறிமாறி வரும். எந்தக் குச்சியை ஊன்றினாலும் வேர் பிடிக்கும் என்பார்கள். மிளகுக்கொடி வைப்பது அப்போதுதான். போர்த்துகீசியர் மிளகுக்கொடிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டபோது, கொடியைத்தானே கொண்டுபோவார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலயைக் கொண்டுபோக முடியாதே என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் அவர் அமைச்சர் மங்காட்டச்சன் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். செடியைப் பெயர்க்கலாம், பருவத்தைப் பெயர்க்க முடியாது என்பதை அது சொல்லிவிடுகிறது.

முஸ்லிம் உலகில் இந்த அறிவு பேச்சோடு நின்றுவிடவில்லை, ஏடுகளில் ஏறியது. அந்தலூசியாவில் கி.பி. 961ஆம் ஆண்டுக்கென ஆக்கப்பட்டு, கலீஃபா இரண்டாம் ஹகமுக்குப் படைக்கப்பட்ட குர்துபா நாட்காட்டிக்கும் அரபியில் கிதாபுல் அன்வாஃ என்றே பெயர். அதை ஆக்கியோர் முஸ்லிமான அரீபு இப்னு ஸஅதும் கிறித்தவ ஆயரான ரபீஉ இப்னு ஸைதும் ஆவர். ரோமர் வழிவந்த கதிரவ மாதங்களின் அடியில், பகல் இரவின் நீளம், அன்வாஃ, கிறித்தவத் திருநாட்கள், தோட்ட வேலைகள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பிப்ரவரியில் பெண்கள் பட்டுப்புழு முட்டைகளை அடைகாக்கத் தொடங்குவர் என்பதும் அதில் உண்டு. கலீஃபாவின் அரசவையில் ஜனவரி பிப்ரவரி என்று எழுதுவதை மார்க்கத்துக்கு ஊறாக எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலாவின் அரசர் மஃமூனின் தோட்டத்தைப் பேணியவர் இப்னு பஸ்ஸால். ஹஜ்ஜுக்குச் சென்று, வழியில் ஸிகிலியாவையும் எகிப்தையும் கண்டு திரும்பியவர். 1085இல் துலைத்துலா கிறித்தவர் கைக்குப் போனபின் இஷ்பீலியாவுக்குக் குடிபெயர்ந்து அங்கும் அரசுத் தோட்டம் அமைத்தார். பதினாறு அத்தியாயங்களில் அவர் எழுதிய நூலின் சுருக்கம் 1955இல் தெத்துவானில் அச்சேறியது. நீர், மண், எரு என்று தொடங்கி நடவு, கவாத்து, ஒட்டு என வளரும் அந்நூலில் முன்னோர் மேற்கோள்கள் இல்லை. தாம் செய்து பார்த்ததை மட்டுமே எழுதியவர் அவர்.

ஒரு நூற்றாண்டு கழித்து அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் கிதாபுல் ஃபிலாஹாவை இயற்றினார். அவர் முறை வேறு. கிரேக்கர், ரோமர், நபத்தியர், அந்தலூசியர் என எல்லோர் கூற்றையும் திரட்டி அடுக்குவார். பின்னர் ஷரஃப் குன்றுப் பகுதியில் தாமே சோதித்தறிந்ததைத் தனியாகச் சொல்வார். பலமுறை சோதிக்காத எதையும் தம் சொந்தக் கருத்தாக எழுதவில்லை என்று முன்னுரையில் அறிவிக்கிறார். 585 செடிகொடி மரங்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. 1802இல் மத்ரீதில் அரபு மூலமும் ஸ்பானிய மொழியாக்கமும் சேர்ந்து வெளியாயின. 1864 முதல் 1867 வரை பிரெஞ்சு மொழியாக்கம் வந்தது. உருதுவிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயர்த்தனர்.

நம் கொல்லையில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் அந்நூல்களில் ஒரு கலைச்சொல் உண்டு. பதியம் போடுவது தக்பீஸ். தடித்த போத்தை ஊன்றுவது வத்து. அதன் பன்மை அவ்தாத், முளைகள் என்பது நேர்ப்பொருள். கிளையைத் தாய்மரத்தின் தோல் சிறிது ஒட்டிவர இழுத்துக் கிழித்தெடுத்து நடுவது மல்க். ஒட்டுக்கட்டுவது தர்கீபு. பொதுக் கவாத்து தக்லீம், திராட்சைக் கவாத்துக்கு மட்டும் ஸபர் என்று தனிச்சொல். தக்லீம் என்பதில் நகம் வெட்டுவதைக் குறிக்கும் சொல்லே நிற்கிறது. நகம் வெட்டுவது போல, தசை அறியாமல், அளவறிந்து வெட்ட வேண்டும் என்ற நுட்பம் அச்சொல்லில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். ரோஜா, மல்லிகை, மாதுளை, மருதாணி ஆகிய நம் வீட்டுச் செடிகளுக்கும் இப்னுல் அவ்வாம் தனித்தனியே இடம் தந்திருக்கிறார்.

எனினும் நமக்கு நெருக்கமான நூல்கள் அந்தலூசியாவில் இல்லை, யமனில் உள்ளன. பருவக்காற்று வீசும் மலைநாடு அது. சரிவுகளில் படிக்கட்டு வயல்கள், கீழே வெப்பமான திஹாமா சமவெளி, துறைமுகத்தில் இந்தியக் கப்பல்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை ஆண்ட ரஸூலி வமிசத்தின் இளவரசர் அஷ்ரஃப் உமர் 1271 வாக்கில் வானவியல் நூலொன்றில் ஓர் ஆண்டுப் பஞ்சாங்கத்தைச் சேர்த்தார். பின்னாளில் சிறிது காலம் சுல்தானாக இருந்து 1296இல் மறைந்தவர் இவர். இவர் தம் பெயரில் 1291இல் செய்த அஸ்தர்லாபு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பஞ்சாங்கம் ஸுர்யானி மக்களின் கதிரவ மாதங்களில், திஷ்ரீன் என்று தொடங்கி நடக்கிறது. எந்த நாளில் எந்த மனை உதிக்கிறது, சோளம் விதைப்பது எப்போது, திராட்சைக்குக் கத்தி வைப்பது எப்போது, ஏடனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் கிளம்புவது எப்போது என்பனவெல்லாம் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. திஹாமாவுக்கு ஒரு தேதியும் மலைநாட்டுக்கு வேறொரு தேதியும் பிரித்துக் குறித்திருப்பது போடிச் சரிவைக் கண்டவனுக்கு வியப்பூட்டாது. சுல்தானாகப் போகிறவர் திராட்சைக் கவாத்தை நூலில் எழுதத் தக்க பொருளாகக் கருதினார் என்பதே வியப்பு. மில்ஹுல் மலாஹா என்ற வேளாண் நூலும் அவருடையதே.

அக்கப்பல்கள் நம் கரையிலிருந்து கொண்டுபோனவற்றுள் ஏலமும் ஒன்று. 1154இல் ஸிகிலியாவில் தம் நிலநூலை முடித்த இத்ரீஸி, கோழிக்கோட்டை அடுத்த ஃபந்தரீனாவின் அருகே ஓங்கிய மலையொன்று இருப்பதையும், அதில் ஏலம் விளைந்து பெருவணிகப் பொருளாவதையும் குறிக்கிறார். அரபு மருத்துவ நூல்களில் காகுல்லா என்றும் ஹால், ஹைல் என்றும் அது வழங்கும். ஏலம் என்ற நம் சொல்லோடு ஹைல் கொண்ட உறவை விளக்க வேண்டியதில்லை. இன்றும் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஏலம் போகும் காயில் ஒரு பங்கு அரபுநாட்டுக் கஹ்வாவில் சேர்வதற்கே போகிறது.

யமனிலும் அந்தலூசியாவிலும் மட்டும்தான் கதிரவ மாதங்களோ என்று கேட்கலாம். இஸ்லாமிய அரசுகள் அனைத்துக்கும் இச்சிக்கல் இருந்தது. ஏனெனில் வரி விளைச்சலிலிருந்து வரவேண்டியது. அப்பாஸிய கலீஃபா முதவக்கில் வேட்டைக்குச் சென்றபோது வயல்கள் இன்னும் பச்சையாக நிற்கக் கண்டார். வரி தண்டத் தொடங்கிவிட்டார்களே, இவர்கள் எதை விற்றுக் கட்டுவார்கள் என்று வினவினார். இதை அல்பீரூனி எழுதுகிறார். பாரசீகர் ஆண்டு 365 நாட்களாக மட்டும் நின்று, மீந்த கால் நாளைச் சேர்க்காமல் விட்டதால் நவ்ரூஸ் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து அறுவடைக்கு முன்பே வந்துகொண்டிருந்தது. முதவக்கில் தொடங்கிய சீர்திருத்தம் அவரோடு நின்றுபோக, ஹிஜ்ரி 282இல் (கி.பி. 895) கலீஃபா முஃததித் நவ்ரூஸை ஜூன் 11க்கு மாற்றி நிலைநிறுத்தினார். உழவர் மூச்சுவிட்டனர்.

இந்தியாவில் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான் பசலி. பருவம் எனப் பொருள்படும் ஃபஸ்ல் என்ற அரபுச் சொல்லே அதன் வேர். அக்பர் காலத்தில் வடக்கே தோன்றிய முறை, தக்காணத்தில் ஷாஜஹான் ஆட்சியில் 1636இல் நடைமுறைக்கு வந்தது. அது ஹிஜ்ரி 1046. அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்பின் ஆண்டுகளைக் கதிரவ ஆண்டாக எண்ணத் தொடங்கினர். தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் அடங்கலில் ஒவ்வொரு ஜூலை முதல் நாளும் தொடங்கும் பசலி ஆண்டு இதுவே. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. அதே மாதத்தில் பிறந்தது ஹிஜ்ரி 1446. 1636இல் ஒன்றாயிருந்த இரு எண்களுக்கும் இடையே இன்று பன்னிரண்டு ஆண்டு விலகல் இருப்பது, சந்திர ஆண்டு எவ்வளவு விரைந்து ஓடுகிறது என்பதைக் கைவிரலில் காட்டுகிறது. போடி வட்டத்தில் நிலப்பட்டாவோடு அலையும் எந்த மதத்தாரும் முஸ்லிம் அரசர் வகுத்த ஒரு கதிரவ ஆண்டைத்தான் உச்சரிக்கின்றனர். ஹிஜ்ரி எண்ணைக் கதிரவன் மீது ஏற்றிய அரசர்களை அக்கால உலமா இறைமறுப்பாளர் என்று சொல்லவில்லை.

அரசர் செயல் ஆதாரமாகாது என்பவர்கள் ஜகாத்தின் சட்டத்தைப் பார்க்கட்டும். பொன், வெள்ளி, வணிகப் பொருள் ஆகியவற்றுக்குச் சந்திர ஆண்டு ஒன்று முழுதாகக் கடக்க வேண்டும். விளைபொருளுக்கு அந்த நிபந்தனை இல்லை. அறுவடை நாளில் அதன் கடமையைக் கொடுக்குமாறு ஆறாம் அத்தியாயம் பணிக்கிறது. ஆக, ஷரீஅத்தே ஒரே கடமைக்குள் இரண்டு நாட்காட்டிகளை வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கருத்துப்படி விறகு, நாணல், புல் போன்றவை நீங்கலாக நிலம் விளைவிப்பவற்றுக்கெல்லாம் உஷ்ர் உண்டு. அதில் ஏலமும் அடங்கும். கடற்கரை மரைக்காயர்களின் ஷாஃபிஈ மத்ஹபிலோ உணவாகச் சேமிக்கத்தக்க தானியம், பேரீச்சை, திராட்சை ஆகியவற்றுக்கே விளைச்சல் ஜகாத். ஏலம் வணிகச் சரக்கானால் மட்டுமே கணக்கில் வரும். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, உழைத்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. ஏலத்துக்குக் கோடையில் குழாய்வழி நீர், மற்றக் காலத்தில் மழை. ஆண்டின் பெரும்பகுதி எதுவோ அதற்குரிய விகிதம் என்பது ஹனஃபி விதி. ஆண்டின் பெரும்பகுதியைக் கணக்கிட எந்த நாட்காட்டி வேண்டும் என்பதைத் தோட்டக்காரரிடமே விட்டுவிடலாம். இந்திய நிலம் உஷ்ரியா கராஜியா என்ற நெடிய விவாதத்துக்குள் இங்கு நுழையவில்லை.

செடிவளர்ப்பில் மார்க்கம் எதை மனிதர் அனுபவத்துக்கு விட்டது என்பதற்கு மதீனாவின் பேரீச்சந் தோட்டமே சான்று. அங்கு மக்கள் ஆண்பாளையின் பூந்தூளைப் பெண்பாளையில் தூவி மகரந்தம் சேர்த்து வந்தனர். அதைச் செய்யாவிட்டால் நலமாயிருக்கலாம் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கூற, அவர்கள் விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற பொருளில் அவர்கள் பதிலளித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. இப்னு பஸ்ஸாலும் இப்னுல் அவ்வாமும் சோதித்ததை மட்டுமே எழுதத் துணிந்ததற்கு இந்த நபிமொழியே கதவைத் திறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

மறுமை நிகழும் வேளையிலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடுமாறு ஏவும் நபிமொழி மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. முஸ்னத் அஹ்மதிலும் இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதிலும் உள்ள அதில் வரும் சொல் ஃபஸீலா. பசலிக்கு மூலமான ஃபஸ்லில் இருப்பது ஸாத். ஃபஸீலாவில் இருப்பது ஸீன். தமிழெழுத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வேறு வேர்கள். விதையிலிருந்து முளைத்த நாற்றைவிட, பேரீச்சையின் அடியில் பக்கவாட்டில் கிளைத்துத் தாயிலிருந்து பிரித்தெடுத்து நடும் கன்றையே இச்சொல் சிறப்பாகக் குறிக்கும். காரணம் உண்டு. பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கொட்டை போட்டு முளைத்தவற்றில் ஏறக்குறையப் பாதி ஆணாகிக் காய்க்காது போகும். எஞ்சியவையும் தாயின் சுவையைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. பிரித்த கன்று மட்டுமே தாயின் மறுபதிப்பு. ஸல்மான் பார்ஸீ (ரலி) விடுதலை பெறத் தம் எஜமானுக்கு 300 கன்றுகளை நட்டுத் தரவேண்டியிருந்தபோது தோழர்கள் முப்பதும் இருபதும் பத்துமாகக் கொண்டுவந்து சேர்த்தனர். நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே நட்டார்கள். அவையும் இத்தகைய பக்கக் கன்றுகளே.

ஏலத்தட்டையின் கதையும் இதுதான். விதைநாற்றில் தேனீ செய்த கலப்பால் ஒன்றுபோல் ஒன்றிராது. முதிர்ந்த தட்டை ஒன்றும், அதன் அடியில் கிளம்பும் இளங்குருத்து ஒன்றும் சேர்ந்திருக்கும்படி தூரைப் பிரித்து நட்டால் தாயின் குணம் மாறாது. மலபார், மைசூர், வழுக்கை என்ற மூவகைகளே முன்பு இந்த மலைகளில் இருந்தன. 1980களின் பிற்பகுதியில் கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்தில் சிறந்து விளங்கிய ஏலத்தைத் தேர்ந்து, தட்டை பிரித்துப் பெருக்கினார். அவர் குடும்பப் பெயரால் ஞள்ளானி என்று வழங்கிய அது சில ஆண்டுகளில் இடுக்கி மாவட்ட ஏலப்பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. உலகக் காரியத்தை அறிந்தவர் கண்டுபிடித்தது அது.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. தாயின் நலத்தைக் கொண்டுவரும் தட்டை, தாயின் நோயையும் கொண்டுவரும். அசுவினி பரப்பும் கட்டே என்ற நச்சுயிரி நோய் விதைவழி வராது, தட்டைவழி வரும். நோய் கண்ட தோட்டத்தில் எடுத்த தட்டையை நட்டவர் தம் கையாலேயே நோயை நட்டவராவார். மேலும், மலை முழுதும் ஒரே வகை நின்றால் ஒரு கோடையோ ஒரு பூச்சியோ எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்கும். பசலி 1433இன் கோடையில், அதாவது 2024 மார்ச் முதல் மே வரை, மழையின்றி ஏலத்தூர்கள் பரவலாகக் கருகியதைக் கண்டோம். மலபார், வழுக்கைத் தூர் நாலைந்தையாவது ஓரத்தில் காத்துவைப்பது தோட்டம் உடையவர்க்கு ஒரு காப்பு.

மழை தள்ளிப்போகும் ஆண்டில் தேதியும் தள்ளிப்போக வேண்டும். இப்னுல் அவ்வாம் முன்னோரின் தேதிகளை அடுக்கிவிட்டு, தம் நிலத்தில் கண்டதை அருகில் எழுதினார் அல்லவா? இச்சரிவிலும் அவ்வாறு எழுதுவது எளிது. மேலே முதல் மழை விழுந்த நாள், தட்டை நட்ட நாள். கீழே மல்லிகைக்குக் கத்தி வைத்த நாள், முதல் மொட்டுக் கண்ட நாள், மருதாணிப் போத்து துளிர்த்த நாள். தமிழ்த் தேதியில் குறித்து, பக்கத்தின் தலையில் பசலி ஆண்டையும் ஓரத்தில் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதி, ஒவ்வொரு பறிப்பிலும் கிடைத்த காயின் எடையையும் அருகில் போட்டுவைத்தால், உஷ்ர் கணக்குக்கும் அந்த ஒரே ஏடு போதும்.